பிள்ளைகளுக்குத் தீக்காயம் வராம வீட்ட மாத்தி வைக்கது எப்படி: நம்ம திருநெவேலி வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிள்ளைக்கு சூடு பட்டுட்டுன்னா எந்த வீட்டுலயும் முதல்ல வருத வார்த்தை "ஒரு நிமிசம்தான் அங்கிட்டு திரும்பினேன்"ங்கதுதான். அது நெசம், யாரும் பொய் சொல்லல. சோறு வடிக்கணும், பெரியவன ஸ்கூலுக்கு கிளப்பணும், பீடிக் கடைக்கு கணக்கு முடிக்கணும்னு பீடி சுத்துத சொளவ மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாவ, அதுக்கு நடுவுல ஒரு வயசுப் பிள்ளைய கண்ண சிமிட்டாம பாத்துக்கிட்டே இருன்னா எந்த அம்மாவாலயும் முடியாது. அதனால இங்க நான் "பிள்ளைய கவனமா பாத்துக்கோங்க"ன்னு சொல்லப் போறதில்ல. நீங்க திரும்பின அந்த ஒரு நிமிசத்துலயும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி சூடு இருக்க இடத்த மாத்தி வைக்கது எப்படின்னுதான் சொல்லுதேன். ஆள் அசருவா, உயரத்துல வச்ச சட்டி அசராது.

இந்தியாவுல வருசத்துக்கு பத்து லட்சம் பேருக்கு மேல ஓரளவு இல்லன்னா மோசமா தீக்காயம் படுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தீக்காயம்னா நமக்கு தீ பிடிச்சு எரியுததுதான் ஞாபகம் வரும், ஆனா அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைகளுக்கு அதிகமா வரது வெந்நி, கஞ்சி, காப்பி, குழம்புன்னு கொதிக்க சாமான் மேல கொட்டுததாலதான். பிள்ளை தோல் நம்ம தோல விட ரொம்ப மெல்லிசு. 60 டிகிரி தண்ணி பெரியவங்க தோலையே அஞ்சு நொடியில ஆழமா வேக வச்சிடும், பிள்ளைக்கு அந்த நேரங்கூட வேண்டாம். "கொஞ்சம் சூடா இருக்கு, அவ்வளவுதான்"னு நமக்கு தோணுத தண்ணி பிள்ளைக்கு கொதி தண்ணி.

படி 1: தரையில உக்காந்து வீட்ட பாருங்க

இன்னைக்கே செய்ய முடியுதது இது. பட்டாசல்ல (கூடத்துல) இருந்து அடுப்படி வரைக்கும் முட்டி போட்டு, பிள்ளை கண்ணு இருக்க உயரத்துல ஒரு சுத்து வாங்க. அந்த உயரத்துல இருந்து பாத்தா என்னெல்லாம் கைக்கு எட்டுதுன்னு பாருங்க. மிக்ஸி வயரு தொங்குதா, மேசை விரிப்பு தொங்குதா, அத இழுத்தா மேல என்ன இருக்கு, குத்துவிளக்கு எங்க இருக்கு, கொசுவத்திச் சுருள் எங்க எரியுது. ஆறு மாசப் பிள்ளை நம்ம மடியில இருந்துக்கிட்டே காப்பி டம்ளர தட்டும். ஒம்பது மாசத்துக்கு மேல எதையாவது பிடிச்சு எந்திரிக்கும், பிடிக்கது அடுப்பு மேல இருக்க சட்டியோட கைப்பிடியாவும் இருக்கலாம். ஒண்ணரை வயசுல ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறும். ஆறு வயசுக்கு மேல தீப்பெட்டி, வெடி, கரண்ட்னு ஆராய்ச்சி தொடங்கிரும், அதுலயும் பையங்க அதிகம். பிள்ளை வளர வளர ஆபத்து இடம் மாறுதுங்கதால, நாலஞ்சு மாசத்துக்கு ஒருக்க இந்த சுத்து சுத்தணும்.

படி 2: அடுப்படி

முக்காவாசி ஆபத்து இங்கதான், அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன்.

அடுப்பு தரையில இருந்தா முதல்ல அத மேல ஏத்துங்க. விறகடுப்போ கேஸோ, எதுனாலும் சரி. கிராமத்துப் பக்கம் இன்னும் நிறைய வீட்டுல வெந்நிக்கும் நெல்லு அவிக்கவும் வெளிய மூணு கல்லு வச்சு எரிக்காவ. அத நிறுத்த முடியாது, ஆனா அந்த இடத்துக்கு இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டி கட்டி ஒரு கதவு வச்சிரலாம், பழைய பலகையோ கம்பி வலையோ போதும். கேஸ் அடுப்பு மேடையில இருக்க வீடுன்னா அடுப்படி வாசல்ல முட்டிக்கு மேல உயரமா ஒரு குட்டிக் கதவு போடுங்க. ஆசாரி ஒரு நாள்ல செஞ்சு கொடுத்துருவாரு. எனக்கு தெரிஞ்சு இதவிட பிரயோஜனமான செலவு வேற கிடையாது.

சட்டி, தோசைக்கல்லு கைப்பிடி எல்லாம் சுவத்துப் பக்கமா திரும்பி இருக்கணும். பின்வரிசையில பர்னர் இருக்க அடுப்புன்னா கொதிக்கத அதுல வைங்க.

அடுத்தது சோறு வடிக்கது. இத தனியா சொல்லியே ஆகணும். குக்கர் வந்த பிறகும் நம்ம பக்கம் வடிச்ச சோறுதான் பிடிக்கும், தப்பில்ல. ஆனா அந்த வடிகஞ்சி வெறும் தண்ணி மாதிரி வழிஞ்சு ஓடிராது, பசை மாதிரி தோலோட ஒட்டிக்கிட்டு சூட்ட உள்ள இறக்கிக்கிட்டே இருக்கும், அதனாலதான் கஞ்சி கொட்டின காயம் எப்பவும் ஆழமா இருக்கு. பானைய தரையில சாய்ச்சு வச்சு கீழ சட்டியில கஞ்சி இறங்க விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போறது நம்ம வழக்கம், அது மட்டும் வேண்டாம். வடிக்கத மேடை மேலயோ தொட்டிக்குள்ளயோ வடிங்க, அந்த நேரத்துல பிள்ளைய வேற யார்ட்டயாவது குடுங்க, யாரும் இல்லன்னா தொட்டில்ல போடுங்க. வடிச்ச கஞ்சிய மாட்டுக்குன்னு வாளியில ஊத்தி முத்தத்துல வைக்காவ பாருங்க, அது ஒரு மணி நேரம் கழிச்சும் சுடும். மூடி போட்டு உயரத்துல வைங்க.

தரையில பாய் விரிச்சு சாப்பிடுத வீட்டுல சாம்பார்ச் சட்டி, ரசம், சொதி எல்லாத்தையும் நடுவுல வைப்போம். தவழுத பிள்ளை நேரா அதுக்குத்தான் வரும். சின்னக் கிண்ணத்துல கொஞ்சமா ஊத்திட்டு வந்து பரிமாறுங்க, பெரிய சட்டி அடுப்படியிலயே இருக்கட்டும். கல்யாண வீடு, சடங்கு வீட்டுல பந்தி நடக்கும்போது சாம்பார் அண்டாவ பந்தலுக்குப் பின்னால தரையில வச்சிருப்பாவ, பிள்ளைக ஓடிப் பிடிச்சு விளையாடுத இடமும் அதுவாத்தான் இருக்கும். சமையல்காரர்ட்ட முன்னாடியே சொல்லி அந்தப் பக்கத்த கயிறு கட்டி அடைச்சிருங்க. விசேஷ வீட்டுக்காரங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், அதனால இந்த ஒண்ண மட்டும் பாக்கதுக்குன்னு ஒரு மாமாவயோ சித்தப்பாவயோ பொறுப்பா நிப்பாட்டுங்க.

காப்பி, டீ போட்டு கால் மணி நேரம் ஆனாலும் பிள்ளை தோல பொசுக்குத அளவுக்கு சூடு அதுல இருக்கும். பிள்ளை மடியில இருக்கும்போது காப்பி குடிக்காதீங்க, யாராவது கொண்டு வந்து நீட்டினாலும் "அங்கன வைங்க அத்தை, பிள்ளைய இறக்கி விட்டுட்டு குடிக்கேன்"னு சொல்லுங்க.

எண்ணெய்ச்சட்டி வச்சா வடையோ முறுக்கோ சுட்டு முடிச்சு எண்ணெய் ஆறுத வரைக்கும் அந்த எடத்த விட்டு நகரக்கூடாது. எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, ஊத்தினா தீ கூரை வரைக்கும் கிளம்பும். அடுப்ப அணைச்சு, சட்டிய தட்டு வச்சு மூடுங்க, அப்படியே ஆறட்டும், தூக்கிட்டு வெளிய ஓடாதீங்க. வீட்டுல அல்வா கிண்டும்போது கொப்புளம் வெடிச்சு தெறிக்கும். கோதுமைப் பாலும் சீனியும் சேர்ந்தது தோல்ல ஒட்டினா உரிச்சுத்தான் எடுக்கணும். ஆசையா எட்டிப் பாக்க வருத பிள்ளைகளுக்கு அடுப்புல இருந்து கை எட்டாத தூரத்துல ஒரு கோடு போட்டு வைங்க, அதுக்கு இந்தப் பக்கம் வந்தா அல்வா கிடையாதுன்னு சொன்னா கேக்கும்.

படி 3: கேஸ்

கேஸ் காத்த விட கனமானது, கசிஞ்சா மேல போகாது, தரையோட தரையா பரவும். அதனால சிலிண்டர் எப்பவும் நிமிந்து நிக்கணும், அடுப்பு அதுக்கு மேல உயரத்துல இருக்கணும். சிலிண்டர் வந்த உடனே கொண்டு வந்த தம்பிட்ட சொல்லி வாய்க்குள்ள ரப்பர் வாஷர் இருக்கான்னு பாத்து, சோப்புத் தண்ணி விட்டு கசிவு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. தீக்குச்சி கிழிச்சு பாக்கத யாரும் செய்யாதீங்க. சிலிண்டர் கழுத்துப் பட்டையில ஏ, பி, சி, டி-ல ஒரு எழுத்தும் வருசமும் போட்டிருக்கும். 'ஏ'ன்னு இருந்தா மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், அந்த மாசத்தோட மறுபரிசோதனை கெடு முடியுதுன்னு அர்த்தம். கெடு தாண்டினதா இருந்தா வாங்காதீங்க, மாத்தித் தரச் சொல்லுங்க. ஆரஞ்சுக் கலர் டியூப அஞ்சு வருசத்துக்கு ஒருக்க மாத்தணும், எலி கடிச்சிருந்தா அன்னைக்கே மாத்தணும்.

கேஸ் நாத்தம் வந்தா ஒரு சுவிட்சையும் தொடாதீங்க, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனும் கூடாது. ரெகுலேட்டர மூடி, கதவு ஜன்னல திறந்துட்டு, பிள்ளைகள கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டு, அங்கன இருந்து 1906-க்கு போன் போடுங்க. ராத்திரி படுக்கும்போது அடுப்புத் திருகல மட்டும் மூடாம ரெகுலேட்டரையும் மூடிட்டு படுக்கணும்.

படி 4: குளிக்க தண்ணி, ஆவி

பிறந்த பிள்ளைய குளிப்பாட்டுதது நம்ம வீட்டுல ஆச்சிமார் வேலை, அந்தக் கை பக்குவத்துக்கு ஈடு கிடையாது, ஆனா வயசானவங்க கைக்கு சூடு தெரியுதது குறைஞ்சிரும், சுகர் இருந்தா இன்னும் மோசம். அதனால தண்ணி கலக்குத வேலைய அம்மாவோ சித்தியோ எடுத்துக்கிடுங்க. பச்சத் தண்ணிய முதல்ல ஊத்தி அதுக்கு மேல வெந்நி ஊத்தணும், வெந்நி மட்டும் இருக்க வாளி ஒரு நொடி கூட தரையில இருக்கக் கூடாது. முழங்கை உள்பக்கம் வச்சுப் பாத்தா சூடுன்னே தெரியக் கூடாது, வெதுவெதுப்பா இருக்கணும். குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போடுவோம்லா, அந்தக் கங்குச் சட்டிய பிள்ளை பக்கத்துல வச்சுட்டு துணி எடுக்கப் போறது, தொட்டிலுக்கு அடியில வைக்கது ரெண்டும் வேண்டாம்.

ஹீட்டர் ராடு: இது மேல எனக்கு ரொம்ப கோவம். பிளாஸ்டிக் வாளியில ராட தொங்க விட்டு பாத்ரூம் கதவ சாத்தாம வந்துருதோம். தண்ணியும் கொதிக்கும், ஷாக்கும் அடிக்கும். மாத்த முடியும்னா கீசருக்கு மாறுங்க, கீசர் திருகல 50 டிகிரிக்கு மேல வைக்காதீங்க. ராடுதான்னா கதவுக்கு வெளியில இருந்து மேல ஒரு தாப்பாள் போட்டு, சுவிட்ச அணைச்சு பிளக்க பிடுங்கின பிறகுதான் பிள்ளைய உள்ள விடணும்.

ஆவி பிடிக்கது: குத்தாலச் சாரல் அடிக்க மாசத்துலயும் ஐப்பசி கார்த்திகை மழையிலயும் சளி பிடிச்சா நொச்சி இலை போட்டு போர்வைய மூடி பிள்ளைய உக்கார வைக்கது உண்டு. மூச்சு முட்டி பிள்ளை உதறுச்சுன்னா அவ்வளவு வெந்நியும் மடியிலதான் கொட்டும். தொடை, அதுக்கு மேல எல்லாம் வெந்துரும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம், அதுனால சளி குணமாகும்னு பெரிசா ஆதாரமும் கிடையாது. குடிக்க வெதுவெதுப்பா ஏதாவது குடுங்க, மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு மருந்து போடுங்க.

படி 5: மத்த சில்லறை சாமான்

சில்லறைன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரியில கொண்டு விடக்கூடியவைதான். அயர்ன் பாக்ஸ் அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் சுடும், பீரோ மேல வைங்க. பைக் நிறுத்தினா சைலன்சர் பக்கம் சுவத்தப் பாத்து நிக்கட்டும், கெண்டைக்கால்ல தழும்பு இல்லாத பிள்ளை நம்ம தெருவுல குறைச்சல்தான். தரையோட இருக்க பிளக் பாயிண்ட மூடுங்க, மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (ஷாக் அடிச்சா கரண்ட தானா துண்டிக்க சுவிட்ச்) இல்லன்னா எலக்ட்ரீஷியன்ட்ட சொல்லி வைங்க. பாத்ரூம் ஆசிட கலர் பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க.

சுண்ணாம்ப யாரும் நினைக்க மாட்டாவ. தாத்தா ஆச்சி வெத்தலைப் பெட்டியில இருக்க சுண்ணாம்பு டியூபயோ பாக்கெட்டயோ பிள்ளை அமுக்கி, அது கண்ணுல தெறிச்சா பார்வையே போயிரும். அது ஆசிட் மாதிரியே அரிக்க காரம், உள்ள உள்ள அரிச்சுக்கிட்டே போகும். வெத்தலைப் பெட்டி பரணுக்குப் போகட்டும், ஆச்சி கேக்கும்போது எடுத்துக் குடுத்துக்கிடலாம். தெறிச்சிட்டுன்னா கண்ண விரிச்சுப் பிடிச்சு அர மணி நேரம் நல்ல தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்து, உடனே கண்ணாஸ்பத்திரிக்கு போகணும்.

படி 6: வீட்டுக்கு வெளிய

சாம்பல் பத்தி ஒண்ணு சொல்லணும். சாம்பல் மேல வெள்ளையா ஆறிப் போன மாதிரி இருக்கும், உள்ள கங்கு மறுநாளும் கிடக்கும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் அரிசி ஆலை இருக்க ஊர்கள்ல உமிச் சாம்பல் கொட்டி வைக்க இடம், செங்கல் சூளை, குப்பை எரிச்ச குழி, கோயில் கொடை முடிஞ்ச மறுநாள் பொங்கல் வச்ச அடுப்பு வரிசை, பூக்குழி இறங்கின இடம், எல்லாம் ஒண்ணுதான். பிள்ளைக மண்ணுன்னு நினைச்சு உள்ள இறங்கிரும், முட்டி வரைக்கும் வெந்துரும். கொடைக் கமிட்டிக்காரங்க விடியக்காலையில ஒரு டேங்கர் தண்ணி அடிச்சிட்டா பிரச்சினையே முடிஞ்சுது, இத கமிட்டி கூட்டத்துலயே பேசி வைங்க அண்ணாச்சிமாரே. ஆலைக்காரர்ட்டயும் வேலி கேக்கலாம், கேட்டா போடுவாவ.

பதநி காய்ச்சுத காலத்துல, உடன்குடி, திசையன்விளை பக்கமெல்லாம் கருப்பட்டி காய்ச்சுத ஓலைக் குடிசையான விடிலிக்குள்ளயே குடும்பம் இருக்கும். கருப்பட்டிப் பாகு கொதி தண்ணிய விட சூடு அதிகம், ஒட்டவும் செய்யும். பாகு பதம் பாக்கும்போதும் சிரட்டையில ஊத்தும்போதும் பிள்ளைக விடிலிக்குள்ள இருக்கக் கூடாது. ஒரு பனை நிழல்ல கயித்துக் கட்டில போட்டு அங்க இருக்கட்டும். ஓலைக் கூரைக்குக் கீழ தீ எரியுதுங்கதையும் மறக்கக் கூடாது. 2004 ஜூலை 16-ல கும்பகோணம் பள்ளிக்கூடத்துல 94 பிள்ளைக செத்தது ஓலைக் கூரையிலயும் அடுப்புத் தீயிலயும்தான். விடிலிக்கு ரெண்டு வாசல் வைங்க, அடுப்புக்கு நேர் மேல மட்டுமாவது தகரம் போடுங்க, தண்ணிக் குடம் எப்பவும் நிறைஞ்சு இருக்கட்டும்.

படி 7: நாள் கிழமை

தீபாவளிக்கு நமக்கு சிவகாசி பக்கம், அதனால வெடி கூடுதலாத்தான் வாங்குவோம். 2018-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு தமிழ்நாட்டுல காலையில 6-ல இருந்து 7, சாயங்காலம் 7-ல இருந்து 8-ன்னு நேரம் வச்சிருக்காவ. இத பெத்தவங்க நல்லபடியா பயன்படுத்திக்கிடலாம், அந்த ரெண்டு மணி நேரமும் பெரியவங்க ஒருத்தர் கூட நிக்கணும், மத்த நேரம் வெடிப் பெட்டி பூட்டுல இருக்கணும். கம்பி மத்தாப்பு சின்னப் பிள்ளைக்கு பாதுகாப்புன்னு நினைச்சு கையில குடுக்கோம், அது ஆயிரம் டிகிரி சூட்டுல எரியுது. அஞ்சு வயசுக்கு கீழ குடுக்காதீங்க. எரிஞ்சு முடிஞ்ச கம்பிய தரையில போடாம தண்ணி வாளியில போடச் சொல்லுங்க, வெறுங்கால் வச்சு மிதிச்சு தீபாவளி ராத்திரி காயம் வரும். காட்டன் சட்டை, காலுல செருப்பு, நீள ஊதுபத்தி. வெடிக்காத வெடிய திரும்பப் போய் குனிஞ்சு பாக்கக் கூடாது, அஞ்சு பத்து நிமிசம் கழிச்சு தண்ணி ஊத்தணும். பத்து பன்னெண்டு வயசுப் பையங்க மறுநாள் காலையில வெடிக்காதத எல்லாம் பொறுக்கி, பிரிச்சு, மருந்த பேப்பர்ல கொட்டி கொளுத்துவானுக. அது மூஞ்சிலதான் பிடிக்கும். அதனால அன்னைக்கு ராத்திரியே தெருவ கூட்டி அவ்வளவையும் தண்ணியில ஊற வச்சிருங்க. டப்பாக்குள்ள, சிரட்டைக்கு அடியில வெடி வைக்கதும் கூடாது.

கார்த்திகைக்கு வாசல்ல கோலத்து மேல விளக்கு வைக்கது அழகுதான், ஆனா பொம்பளப் பிள்ளைக பாவாடை அதுலதான் பிடிக்கும். இப்ப பட்டுப்பாவாடைன்னு விக்கதுல நிறைய பாலியஸ்டர், தீப்பிடிச்சா உருகி தோல்ல ஒட்டிக்கிடும். நடக்க வழியில விளக்கு வேண்டாம், திண்ணை மேல, மதில் மேல வைங்க, விளக்கு ஏத்துத நேரத்துக்கு காட்டன் போட்டு விடுங்க, போட்டா எடுக்க பட்டு மாத்திக்கிடலாம். சொக்கப்பனை பாக்கப் போனா காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாத்து, பொறி வராத பக்கமா நில்லுங்க.

பொங்கலுக்கு முத்தத்துல பொங்கக்கட்டி வச்சு பனை ஓலையில பொங்க விடுததுதான் நம்ம வழக்கம். காஞ்ச ஓலை குப்புன்னு பிடிக்கும், எரியுத துண்டு காத்துல பறக்கும். ஓலைக் கட்ட அடுப்பு பக்கத்துலயே குவிக்காதீங்க, நாலஞ்சு எட்டு தள்ளி வச்சு ஒருத்தர் எடுத்து எடுத்துக் குடுக்கட்டும். ஓலை ஈரமா இருக்குன்னு மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊத்தவே கூடாது. தை மாசம் சிறுவீட்டுப் பொங்கல் வைக்கும்போது பிள்ளைகதான் பொங்கல் வைக்கணும்னு சாஸ்திரம், சந்தோசமா வைக்கட்டும், அரிசி போடட்டும், குலவை போடட்டும், ஆனா தீ மூட்டுததும் பானைய இறக்குததும் அம்மாவோ ஆச்சியோ செய்யணும். தாவணிய இழுத்து சொருகி, முடிய பின்னிக் கட்டி விடுங்க.

படி 8: அப்படியும் பட்டுட்டுன்னா

துணியில தீன்னா ஓட விடாதீங்க, ஓடினா தீ பெருகும். "நில்லு, படு, உருளு" இத பிள்ளைகளுக்கு விளையாட்டா பாயில போட்டு பழக்கி விடுங்க. தண்ணி ஊத்துங்க, இல்லன்னா கெட்டியான காட்டன் போர்வையோ சமுக்காளமோ போட்டு அமுக்குங்க, நைலான் போர்வை வேண்டாம். கரண்டுன்னா மெயின அணைக்காம பிள்ளைய தொடாதீங்க.

அடுத்த நொடி, நனைஞ்ச துணிய கழட்டுங்க, டயப்பர் போட்டிருந்தா அதுவும், சூட்ட அதுதான் பிடிச்சு வைக்கும். தோல்ல ஒட்டினத மட்டும் பிடிச்சு இழுக்காதீங்க. வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாத்தையும் எடுத்துருங்க, கொஞ்ச நேரத்துல வீங்கி இறுக்கிரும்.

பிறகு தண்ணி. இருபது நிமிசம். போன்ல டைம் வச்சுக்கோங்க, ஏன்னா பிள்ளை அழுத அழுகையில ரெண்டு நிமிசமே இருபது மாதிரி தெரியும். குழாயத் திறந்து அது ஓடுத தண்ணியில காட்டுங்க. இங்க நம்ம ஊருக்குன்னு ஒரு விசயம், சித்திரை வைகாசி மத்தியானத்துல மொட்டை மாடி டேங்க்ல இருந்து வருத தண்ணியே கொதிக்கும், அது உதவாது, மண்பானைத் தண்ணியோ கிணத்துத் தண்ணியோ குடத்துத் தண்ணியோ எடுத்து செம்பால மெதுவா ஊத்திக்கிட்டே இருங்க. பட்ட உடனே ஊத்துததுதான் நல்லது, விட்டுப் போச்சுன்னாலும் மூணு மணி நேரத்துக்குள்ள ஊத்தினா பலன் உண்டு. ஐஸ் கூடாது, அது தோல இன்னும் சாகடிக்கும். காயத்துல மட்டும் தண்ணி படட்டும், மத்த உடம்ப துண்டால போர்த்தி வைங்க, கைப்பிள்ளை சட்டுன்னு குளுந்து போயிரும்.

இங்கதான் வீட்டுல சண்டை வரும். "ஏட்டி, இட்லி மாவ எடுத்து தடவுட்டி, கொப்புளம் வராது"ன்னு ஆச்சி சொல்லுவாவ, பக்கத்து வீட்டு அக்கா பேஸ்ட்டோட ஓடி வருவாவ, தாத்தா பேனா மைய தேடுவாரு. எல்லாம் பாசத்துல சொல்லுததுதான். ஆனா மாவு, பேஸ்ட், மை, காப்பித்தூள், மஞ்சள், தேங்காண்ணெய், முட்டை எல்லாமே சூட்ட உள்ள அடைக்கும், கிருமி சேக்கும், டாக்டருக்கு காயம் எவ்வளவு ஆழம்னு தெரியாமப் போயிரும், அத சுரண்டி எடுக்கும்போது பிள்ளைக்கு ரெண்டாவது தடவ வலி. ஆச்சி கையில செம்பக் குடுத்து "நீங்க தண்ணி ஊத்துங்க ஆச்சி, நான் ஆட்டோ பிடிக்கேன்"னு சொல்லிருங்க. அவங்களுக்கும் ஏதாவது செய்யணும்னு இருக்கும், அந்தக் கைய சரியான வேலைக்கு திருப்பி விட்டா போதும்.

இருபது நிமிசம் ஆன பிறகு துவைச்சு காஞ்ச காட்டன் வேட்டித் துணியால லேசா மூடுங்க, பஞ்சு வைக்காதீங்க, ஒட்டிக்கிடும். கொப்புளத்த உடைக்காதீங்க.

எப்ப ஆஸ்பத்திரி? பிள்ளையோட உள்ளங்கை விரலோட சேர்த்து அதோட உடம்புல ஒரு சதவீதம். அந்த அளவுக்கு மேல காயம் இருந்தா, அளவு சின்னதா இருந்தாலும் மூஞ்சி, கை, பாதம், மூட்டு, மறைவிடம்னா, தோல் வெள்ளையாவோ கருப்பாவோ ஆகி வலியே தெரியலன்னா, கரண்ட், ஆசிட், சுண்ணாம்பு, புகைன்னா, ஒரு வயசுக்குள்ள பிள்ளைன்னா, யோசிக்கவே வேண்டாம், போயிருங்க. வலி இல்லன்னா லேசுன்னு நினைக்காதீங்க, நரம்பு வரைக்கும் வெந்தாத்தான் வலி தெரியாமப் போகும். கரண்ட் காயம் வெளிய புள்ளி மாதிரி இருக்கும், உள்ள சதையும் இதயத் துடிப்பும் பாதிச்சிருக்கலாம். 108-க்கு போன் போட்டா ஆம்புலன்ஸ் காசு இல்லாம வரும், தீ வீட்டுல பிடிச்சிட்டுன்னா 101 இல்ல 112. காயம் பெரிசுன்னா பக்கத்துல இருக்க ஆஸ்பத்திரியில முதல் சிகிச்சை முடிச்சிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கோ தூத்துக்குடி மெடிக்கல் காலேஜுக்கோ போகணும், டாக்டர் அனுப்புதேன்னு சொன்னா "நாளைக்குப் போறோம்"னு தள்ளிப் போடாதீங்க. டிடி ஊசி எப்ப போட்டதுன்னு தடுப்பூசி அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. பெரிய காயம்னா வழியில சோறு, பால்னு எதுவும் குடுக்காதீங்க, மயக்க மருந்து குடுக்க வேண்டி வரலாம்.

பிள்ளை மேல இருக்க காயம் யாராவது கோவத்துல வச்ச சூடுன்னு உங்களுக்கு தெரிஞ்சா, சொந்தக்காரங்கன்னு மூடி மறைக்காம பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்கு சொல்லுங்க. "படிக்கல, திருடிட்டான்"னு கரண்டியக் காய்ச்சி வைக்க பழக்கம் இன்னும் செத்துப் போகல.

ஆறின பிறகு

காயம் மூடினதோட முடிஞ்சதுன்னு விட்டுருதோம், கை விரல் மடங்கிப் போறது, கழுத்து ஒரு பக்கம் இழுக்கதெல்லாம் அதுக்குப் பிறகு வருததுதான். தழும்பு ஒரு வருசம் ரெண்டு வருசம் வரைக்கும் இறுகிக்கிட்டே இருக்கும். பிசியோதெரபி சொல்லிக் குடுத்த பயிற்சிய பிள்ளை அழுதாலும் தினம் செய்யணும், மூட்டுல காயம்னா வலிக்காத மாதிரி மடக்கி வைக்காம நீட்டி வைங்க. தழும்ப அமுக்கி வைக்க இறுக்கமான அழுத்தத் துணி குடுத்தாங்கன்னா குளிக்க நேரம் தவிர நாள் பூரா போட்டிருக்கணும், பிள்ளை வளருததுக்கு ஏத்த மாதிரி புது அளவும் எடுக்கணும். அரிப்பு ரொம்ப இருக்கும், நகத்த வெட்டி விட்டு, முழுசா ஆறின தோல்ல மட்டும் தேங்காண்ணெய் தடவலாம். வெயில்ல முழுக்கை சட்டை போட்டு விடுங்க, இல்லன்னா தழும்பு கருத்துப் போகும். ஸ்கூலுக்கு திரும்ப அனுப்புததுக்கு முந்தின நாள் டீச்சர போய்ப் பாத்து என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு வாங்க, மத்த பிள்ளைக கேட்டா என்ன பதில் சொல்லணும்னு உங்க பிள்ளைக்கும் ஒரு வாக்கியம் சொல்லிக் குடுத்து அனுப்புங்க. "வெந்நி கொட்டிட்டு, இப்ப ஆறிட்டு, வா விளையாடுவோம்", அவ்வளவு போதும்.